மயில்துத்தத்தைக் கொண்டு நீரேறிய உப்புகளைப் பழகுவது: எடைக் கணக்கு முதல் போர்டோ கலவை வரை முழுமையான வழிகாட்டி

மயில்துத்தம், அதாவது நீலத் தாமிர சல்பேட் படிகம், 100 கிராம் வாங்கினால் அதில் 36 கிராம் தண்ணீர். தொட்டால் ஈரம் தெரியாது, கவிழ்த்தாலும் ஒரு சொட்டு வராது. ஆனாலும் அந்தத் தண்ணீர் உள்ளேதான் இருக்கிறது. தாமிர சல்பேட்டின் ஒவ்வொரு அலகோடும் ஐந்து நீர் மூலக்கூறுகள் சேர்ந்து, படிகத்தின் கட்டமைப்பாகவே நிற்கின்றன. இதுதான் படிக நீர்.

லேபுக்குப் புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடங்களில் பாதிக்கு மேல் இந்தத் தண்ணீரை மறப்பதால்தான் வருகிறது. எடை போடும்போது மறந்தால் கரைசலின் செறிவு தவறிவிடும். உலர்த்தும்போது மறந்தால் வாரக்கணக்கில் வளர்த்த படிகம் வெளுத்துப் பொடியாகிவிடும்.

நீரேறிய உப்புகள் எத்தனையோ இருக்க, மயில்துத்தத்தை நான் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் அதன் நிறம். தண்ணீர் போனால் வெளுக்கும், வந்தால் நீலமாகும். உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கண்ணாலேயே பின்தொடரலாம். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படியிலும் கற்றது அடுத்ததற்குத் தேவைப்படும்.

1. முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை

மயில்துத்தம் அரைக் கிலோ போதும். லேப் கெமிக்கல் கடையில் வாங்குவது நல்லது. உரக்கடையில் கிடைப்பது தோட்டத்துக்குச் சரி, படிகம் வளர்க்கவும் ஓரளவு சரி, ஆனால் அளவீட்டுச் சோதனைக்கு வேண்டாம். அதில் இரும்பு உப்புகள் கலந்திருக்க வாய்ப்புண்டு. நீலம் பச்சையை நோக்கிச் சாய்ந்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இரும்பைத்தான்.

தராசு இரண்டு விதமாகத் தேவைப்படும். படிகம் வளர்க்க, சமையலறைத் தராசு போதும். படிக நீரை அளக்கும் சோதனைக்கு 0.01 கிராம் வரை காட்டும் தராசாவது வேண்டும். அதைவிடக் குறைந்த நுட்பமுள்ள தராசில் எத்தனை கவனமாகச் செய்தாலும் விடை நிலையாக வராது.

பாத்திரம் கண்ணாடி, பீங்கான், பிளாஸ்டிக் மூன்றில் ஒன்றாக இருக்கட்டும். இரும்பு, அலுமினியம், துத்தநாகம் பூசிய வாளி எதுவும் கூடாது. இந்த உலோகங்கள் தாமிரத்தைவிட வினைத்திறன் மிக்கவை. கரைசலில் உள்ள தாமிரத்தை வெளியே தள்ளிவிட்டு அவை உள்ளே கரையும், வெளியேறிய தாமிரம் பாத்திரத்தின் மேல் செம்பழுப்பாகப் படியும். கலக்குவதற்கும் கண்ணாடிக் குச்சி அல்லது பிளாஸ்டிக் கரண்டிதான்.

தண்ணீர் காய்ச்சி வடித்ததாக இருக்க வேண்டும். போர்வெல் தண்ணீரில் கரைத்தால் பல ஊர்களில் கரைசல் வெளிர்நீலமாகக் கலங்கும். கடினநீரில் உள்ள பைகார்பனேட் தாமிரத்தோடு சேர்ந்து கரையாத பொருளை உண்டாக்குவதுதான் காரணம். அந்தக் கலங்கலில் தெளிந்த படிகம் வளராது. பேட்டரிக்கு ஊற்றுவதற்காக விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரே இந்த வேலைக்குப் போதும்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். மயில்துத்தம் வயிற்றுக்குள் போனால் நஞ்சு, கண்ணில் பட்டால் கடுமையாகப் பாதிக்கும். இந்த வேலைக்கு எடுத்த பாத்திரத்தைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். அந்த நீலம் குழந்தைகளை நன்றாகவே ஈர்க்கும்.

2. பாட்டிலில் இருப்பது எந்த வடிவம் என்று பாருங்கள்

ஒரே உப்பு இரண்டு வடிவத்தில் விற்கப்படுகிறது. லேபிளில் பென்டாஹைட்ரேட் என்று இருந்தால் ஐந்து நீரோடு உள்ளது, அன்ஹைட்ரஸ் என்று இருந்தால் நீரற்றது. பெயர் அழிந்துபோயிருந்தால் மூலக்கூறு எடையைத் தேடுங்கள். 249.7 என்றால் நீரேறியது, 159.6 என்றால் நீரற்றது. வித்தியாசமான 90 என்பது ஐந்து நீர் மூலக்கூறுகளின் எடை.

நிறமும் சொல்லிவிடும். நீரேறியது ஆழ்ந்த நீலம், நீரற்றது சாம்பல் கலந்த வெள்ளை. படிகத்துக்குள் ஒவ்வொரு தாமிர அயனியையும் நான்கு நீர் மூலக்கூறுகள் நேரடியாகச் சூழ்ந்திருக்கின்றன. நீலம் வருவது இந்தச் சூழலால்தான். ஐந்தாவது நீர், தாமிரத்தைத் தொடாமல் சல்பேட்டோடு ஹைட்ரஜன் பிணைப்பில் கட்டுண்டிருக்கிறது. இந்த ஐந்தாவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 4ஆம் படியில் இதுதான் தொல்லை கொடுக்கும்.

நீலக் கட்டிகளின் விளிம்பு வெளுத்திருந்தால் அது இரண்டுங்கெட்டான் நிலை. கொஞ்சம் நீர் போயிருக்கிறது, எவ்வளவு என்று தெரியாது. அதை எடை போட்டு எந்தக் கணக்கும் செய்ய முடியாது. படிகம் வளர்க்க ஒதுக்கிவிடுங்கள். தண்ணீரில் கரைந்ததும் இழந்த நீரெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

3. எடைக் கணக்கை முதலில் முடியுங்கள்

கையில் கரண்டியை எடுப்பதற்கு முன் தாளில் கணக்கு முடிந்திருக்க வேண்டும். 0.1 மோலார் கரைசல், அதாவது லிட்டருக்கு 0.1 மோல் உப்புள்ள கரைசல், 100 மில்லி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூலக்கூறு எடையைக் கிராமில் எடுத்தால் ஒரு மோல். அதற்கு 0.01 மோல் தாமிர சல்பேட் தேவை. நீரேறிய படிகம் என்றால் 2.50 கிராம், நீரற்ற பொடி என்றால் 1.60 கிராம்.

இங்கே நடக்கும் தவறு எப்போதும் ஒரே மாதிரிதான். புத்தகத்தில் பார்த்த 159.6 மனதில் நிற்கும், கை நீல பாட்டிலை எடுக்கும். 1.60 கிராம் நீலப் படிகத்தைக் கரைத்தால் கிடைப்பது 0.064 மோலார். அதாவது வேண்டியதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. கரைசலின் நிறத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அடுத்து வரும் எல்லா அளவீடும் சத்தமில்லாமல் தவறிக்கொண்டே போகும்.

அதனால் நோட்டில் தாமிர சல்பேட் என்று மட்டும் எழுதாமல், ஐந்து நீருடன் அல்லது நீரற்றது என்று கூடவே எழுதப் பழகுங்கள். நான் மாணவர்களிடம் வேறெதையும்விட இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

4. நீரை வெளியேற்றி அளப்பது

வெறும் புடக்குகையை (கடும் சூட்டைத் தாங்கும் சிறு பீங்கான் கிண்ணம்) மூடியோடு சூடாக்கி, ஆறவிட்டு, எடை போடுங்கள். கழுவி வைத்த புடக்குகையின் நுண்துளைகளில் ஈரம் இருக்கும். முதலிலேயே அதைத் துரத்தாவிட்டால் பின்னால் அது போகும்போது படிக நீர் போனதாகக் கணக்கில் ஏறிவிடும்.

அடுத்து சுமார் இரண்டரை கிராம் படிகத்தைப் பொடித்து, மெல்லிய அடுக்காகப் பரப்பி, மறுபடி எடை போடுங்கள். பொடிப்பது முக்கியம். முழுக் கட்டியாக வைத்தால் வெளிப்புறம் வெளுத்து உள்ளே நீலம் நிற்கும். அதோடு உள்ளே சிக்கிய நீராவி கட்டியை வெடிக்கவைத்துத் துணுக்குகளை வெளியே எறியும். வெளியே போன துணுக்கும் நீர் போனதாகவே கணக்கில் வந்துவிடும். முதல் சில நிமிடங்களுக்கு மூடியைச் சற்றுச் சாய்த்து வைத்து, ஆவி போக வழிவிட்டு, பொடி தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி சூடு. இங்கே அவசரம் ஆகாது. நீர் ஒரே மூச்சில் போவதில்லை. ஏறக்குறைய 63 டிகிரி செல்சியஸில் இரண்டு மூலக்கூறுகள், 109 டிகிரி வாக்கில் இன்னும் இரண்டு. கடைசி ஒன்று 200 டிகிரியை எட்டும்வரை அசையாது. சல்பேட்டோடு கட்டுண்ட அந்த ஐந்தாவது நீர் இதுதான்.

நிறத்தைக் கவனியுங்கள். ஓரங்கள் முதலில் வெளிர்நீலமாகும். அப்புறம் நீலம் நடுவை நோக்கி ஒதுங்கும். கண்ணாடிக் குச்சியால் மெதுவாகக் கிளறினால் அடியிலிருந்து நீலத் திட்டுகள் மேலே வரும். கிளறியபின் குச்சியில் ஒட்டிய பொடியைப் புடக்குகைக்குள்ளேயே தட்டிவிடுங்கள். முழுவதும் சாம்பல் வெள்ளையானதும் சில நிமிடம் கூடுதலாகச் சூடாக்கி நிறுத்துங்கள். மேல்புறம் வெளுத்ததுமே அடுப்பை அணைப்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு விடை 5க்குப் பதிலாக 4 சொச்சத்தில் நிற்கும்.

அதற்கு நேரெதிரான தவறும் உண்டு. லேபின் பன்சன் வாயு அடுப்புச் சுடரை முழுதாகத் திறந்து புடக்குகையின் அடியைச் செந்நிறமாக்கினால், 600 டிகிரிக்கு மேல் தாமிர சல்பேட்டே சிதையத் தொடங்கும். அடியில் கருப்பு தெரியும், மூக்கைத் துளைக்கும் புகை வரும். கருப்பு, தாமிர ஆக்ஸைடு; புகை, கந்தகத்தின் ஆக்ஸைடுகள். கருப்பு தெரிந்தால் அந்தச் சோதனை கெட்டுவிட்டது, புதிதாகத் தொடங்குங்கள். புகையை முகர்ந்து பார்க்கவே வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவில் நிற்க எளிய வழி மணல் தட்டு. இரும்புத் தட்டில் உலர்ந்த மணலைப் பரப்பி அதில் புடக்குகையைப் பதித்துச் சூடாக்கினால் வெப்பம் நிதானமாகவும் சீராகவும் ஏறும். நேரம் கூடுதலாகும்தான். ஆனால் கருகாது.

சூடாக இருக்கும்போது எடை போடாதீர்கள். சூடான புடக்குகையைச் சுற்றிக் காற்று மேலெழும்பி, தராசு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதற்காக மேசையில் திறந்துபோட்டு ஆறவைத்தாலும் தப்பு. நீரற்ற பொடி நம் ஊர்க் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மறுபடி நீலமாகத் தொடங்கும். மூடிபோட்டு டெசிகேட்டருக்குள் (உள்காற்றை உலர்வாக வைத்திருக்கும் மூடிய கண்ணாடிக் கலம்) ஆறவையுங்கள். டெசிகேட்டர் இல்லையென்றால், அடியில் உலர்ந்த சிலிக்கா ஜெல் போட்ட, இறுக்கமாக மூடும் கண்ணாடி ஜாடி போதும்.

ஆறியதும் எடை, பிறகு மீண்டும் ஐந்து நிமிடம் சூடு, மீண்டும் எடை. அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒத்துப்போகும்வரை இதைச் செய்ய வேண்டும். நீர் முழுதாகப் போனதற்கு இதுதான் சான்று, நிறம் வெறும் அறிகுறி.

கணக்கு இப்படிப் போகும். தொடக்கத்தில் படிகம் 2.50 கிராம், கடைசியில் 1.60 கிராம் என்றால் போன நீர் 0.90 கிராம். 0.90ஐ 18ஆல் வகுத்தால் 0.050 மோல் நீர். 1.60ஐ 159.6ஆல் வகுத்தால் 0.010 மோல் உப்பு. விகிதம் 5. உங்களுக்கு 5க்கு மேல் வந்தால் சிதைவு, தெறிப்பு, ஈரப் புடக்குகை இவற்றில் ஒன்று. குறைவாக வந்தால் சூடு போதவில்லை, அல்லது ஆறும்போது ஈரம் ஏறிவிட்டது.

அந்த வெள்ளைப் பொடியைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு சிட்டிகையைக் கண்ணாடித் தட்டில் வைத்துச் சொட்டுக்குழாயால் ஒரே ஒரு சொட்டு நீர் விடுங்கள். சொட்டு விழுந்த இடத்திலிருந்து நீலம் படரும், தட்டின் அடியில் விரல் வைத்தால் கதகதப்பு தெரியும். வெளியேற்றக் கொடுத்த வெப்பத்தின் ஒரு பங்கு இப்படித் திரும்ப வருகிறது. அதனால்தான் அதிகப் பொடியில் நீரைச் சட்டென்று ஊற்றக் கூடாது.

மீதியைக் காற்றுப் புகாத சிறு பாட்டிலில் வையுங்கள். ஒரு திரவத்தில் நீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க இது நல்ல சோதனைப்பொருள். ஸ்பிரிட்டில் கொஞ்சம் போட்டு நீலமானால் நீர் உண்டு. ஆனால் அந்தத் திரவம் சுத்தமான நீர்தானா என்பதை இது சொல்லாது. உப்புத் தண்ணீரிலும் நீலமாகும், மோரிலும் நீலமாகும். தேர்வில் இந்த இரண்டையும் குழப்பி எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

5. பெரிய படிகம் வளர்ப்பது

முதலில் கரைதிறன். 100 கிராம் நீரில் மயில்துத்தம் 20 டிகிரியில் 32 கிராம் கரையும். 30 டிகிரியில் ஏறக்குறைய 38, 40 டிகிரியில் 45, 60 டிகிரியில் 62 கிராம். இந்த ஏற்றம்தான் படிகம் வளர வழி செய்கிறது. படிகத்தை அழிப்பதும் இதேதான்.

250 மில்லி காய்ச்சி வடித்த நீரை 60 டிகிரி வரை சூடாக்கி 110 கிராம் படிகத்தைக் கரையுங்கள். அறை 30 டிகிரியில் இருந்தால் 95 கிராம் வாக்கில் கரைந்தே இருக்கும், மீதி 15 கிராம் வெளியே வரும். வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் சிறு விதைப் படிகத்துக்கு அது தாராளம். கொதிக்கவைத்து இன்னும் அதிகமாகத் திணிக்க நினைக்காதீர்கள். ஆறும்போது அத்தனையும் ஒரேயடியாக வெளியே வந்து அடியில் பொடிக்கட்டியாக உறைந்துவிடும்.

சூடாக இருக்கும்போதே வடிதாளில் வடிகட்டுங்கள். கரைசலில் மிதக்கும் ஒவ்வொரு தூசியும் ஒரு படிகம் தொடங்கும் இடம். நமக்கு வேண்டியது ஒரே ஒரு தொடக்கம். வடித்ததில் கொஞ்சத்தை அகலமான கண்ணாடித் தட்டில் ஊற்றி, மூடி, ஒரு இரவு அசைக்காமல் விடுங்கள்.

காலையில் தட்டில் சாய்ந்த இணைகரம்போல நீலச் சில்லுகள் கிடக்கும். பெரியதைத் தேடாதீர்கள், ஒற்றையாக இருப்பதைத் தேடுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் விளிம்புகள் நேராக இருக்க வேண்டும், உள்ளே வெள்ளைக் கீறல் இருக்கக் கூடாது, இன்னொன்று ஒட்டியிருக்கவே கூடாது. 4 அல்லது 5 மில்லிமீட்டர் போதும். விதையில் உள்ள குறை வளர்ந்த படிகத்திலும் அப்படியே நிற்கும்.

கட்டுவதற்கு மெல்லிய நைலான் இழைதான் சரி. பருத்தி நூல் எடுத்தால் அதன் பிசிறுகளில் எல்லாம் படிகம் பூத்து, கடைசியில் நூலில் கோத்த கொத்துதான் மிஞ்சும். முடிச்சு சின்னதாக இருக்கட்டும். கட்டிய விதையை ஒரு நொடி சுத்த நீரில் முக்கி எடுங்கள். கட்டும்போது ஒட்டிய நுண்துகள்கள் கரைந்துபோகும்.

தொங்கவிடுவதற்கு முன் கரைசல் முழுக்க ஆறியிருக்க வேண்டும், இனி உப்பு கரையாத தெவிட்டிய நிலையிலும் இருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள நல்ல வழி ஒன்று உண்டு. உதவாத படிகம் ஒன்றை இழையில் கட்டி இறக்கி, பின்னால் விளக்கை வைத்து உற்றுப் பாருங்கள். படிகத்திலிருந்து கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மாதிரி மெல்லிய அலை கீழே வழிந்தால் அது கரைகிறது. உப்பு கூடிய கரைசல் கனமாகி இறங்குகிறது. அலை மேலே எழும்பினால் படிகம் வளர்கிறது. உப்பைப் படிகத்துக்குக் கொடுத்துவிட்ட கரைசல் லேசாகி ஏறுகிறது. அலையே தெரியாவிட்டால் சமநிலை, தைரியமாக விதையை இறக்கலாம்.

ஜாடி எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் பெரும்பாலான முயற்சிகள் தோற்கின்றன. காலையில் 30 டிகிரி, மதியம் மாடி அறையில் 40 டிகிரி என்று போனால், மேலே சொன்ன கணக்குப்படி 250 மில்லியில் இன்னும் 17 கிராம் கரைய இடம் கிடைக்கிறது. விதை எடை கால் கிராம்கூட இருக்காது. மதியம் அது காணாமல் போவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கீழ்த்தளத்தில், வெயில் படாத சுவர் அலமாரியில், தெர்மோகோல் பெட்டிக்குள் வையுங்கள். ஏசியைப் போட்டுப் போட்டு அணைக்கும் அறை இதற்கு மிக மோசமான இடம்.

ஜாடியை மூடியால் அடைக்காமல் வடிதாளால் மூடி ரப்பர் பேண்டு போடுங்கள். நீர் மெதுவாக ஆவியாக வேண்டும், தூசி விழக் கூடாது. மழைக்காலத்தில் ஆவியாவது மந்தமாகும். அவசரப்பட்டு மின்விசிறிக்குக் கீழே வைத்தால் மேற்பரப்பில் ஓடு கட்டும்.

சில நாளில் ஜாடியின் அடியிலும் படிகங்கள் முளைக்கும். அவை உங்கள் படிகத்தோடு உப்புக்குப் போட்டி போடுகின்றன. பெரிய படிகத்தை வெளியே எடுத்து டிஷ்யூவில் ஒற்றி, மூடிய டப்பாவில் வையுங்கள். கரைசலைச் சூடாக்கி அடியில் உள்ளதைக் கரைத்து, வடிகட்டி, முழுக்க ஆறவைத்துவிட்டுப் படிகத்தை மறுபடி இறக்குங்கள். கரைசல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே இறக்கினால் விளிம்புகள் மழுங்கிவிடும். அலையைப் பார்க்கும் சோதனையை ஒவ்வொரு முறையும் செய்யுங்கள்.

வேண்டிய அளவு வந்ததும் எடுத்து ஒற்றித் துடையுங்கள், குழாய் நீரில் கழுவாதீர்கள். ஹேர் டிரையரோ வெயிலோ கூடவே கூடாது. 63 டிகிரியில் நீர் போகத் தொடங்கும் என்று பார்த்தோம். அதற்குக் குறைவான சூட்டிலும் வறண்ட காற்று தொடர்ந்து பட்டால் மேற்பரப்பு மெல்ல வெளுக்கும். நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு கொடுத்து மூடிய பாட்டிலில் வைத்தால் பல வருடம் அப்படியே இருக்கும்.

6. மற்ற நீரேறிய உப்புகளுக்கு வரும்போது

முறை அதேதான், குணம்தான் மாறும். படிகாரம் தொடக்கக்காரர்களுக்கு இன்னும் எளிது. பன்னிரண்டு நீரோடு, எடையில் 46 சதவீதம் தண்ணீர். எட்டு முகங்களோடு அழகாக வளரும். ஆனால் 92 டிகிரி வாக்கில் தன் படிக நீரிலேயே உருகிவிடும், அதனால் நேரடித் தீயில் காட்டாதீர்கள். எப்சம் உப்பு ஏழு நீர், பாதிக்கு மேல் தண்ணீர். சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சத்தில் இரண்டு நீர்; அளவாகச் சுட்டு முக்கால்வாசி நீரைப் போக்கினால் கிடைப்பதுதான் எலும்பு முறிவுக்குக் கட்டும் பாரிஸ் சாந்து. நீர் ஊற்றியதும் இழந்த நீரைத் திரும்ப ஏற்றுக்கொண்டு இறுகுகிறது, இறுகும்போது சுடுகிறது.

சலவை சோடா பத்து நீர் கொண்டது. திறந்து வைத்தால் காற்றிலேயே பூத்துப்போய் ஒன்பது நீரை இழக்கும். எடை போட நம்பக் கூடாத உப்பு. கால்சியம் குளோரைடு எதிர்த்திசையில் போகும். ஈரத்தை இழுத்து இழுத்து அதிலேயே கரைந்து நிற்கும். கோபால்ட் குளோரைடு உலர்ந்தால் நீலம், நீரேறினால் இளஞ்சிவப்பு என்பதால் ஈரங்காட்டியாகப் பயன்படுகிறது. ஆனால் உடலுக்குக் கேடானது, பள்ளியில் கையாள நான் பரிந்துரைப்பதில்லை.

சோடியம் சல்பேட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கரிம வேதியியல் லேபில் திரவங்களின் ஈரத்தை எடுக்க நீரற்ற சோடியம் சல்பேட்டைப் போடுவோம். அது பத்து நீரை ஏற்று நீரேறிய உப்பாகிறது. அந்த நீரேறிய வடிவம் 32.4 டிகிரிக்கு மேல் நிலைக்காது, நீரைத் திருப்பி விட்டுவிடும். சித்திரை வைகாசியில் மின்விசிறி மட்டும் ஓடும் லேபில் அறையே 35 டிகிரியைத் தாண்டும்போது இந்த உப்பு எத்தனை போட்டாலும் ஈரம் சரியாக எடுபடாது. திரவத்தைக் குளிர்ந்த நீரில் வைத்துவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் நீரற்ற மெக்னீசியம் சல்பேட்டுக்கு மாறுங்கள்.

7. தோட்டத்துக்கு: ஒரு சதவீத போர்டோ கலவை

பாக்கில் காய் அழுகல், காப்பியில் இலைத்துரு போன்ற பூஞ்சை நோய்களுக்குத் தெளிக்கப்படும் கலவை இது. ஒரு சதவீதக் கலவைக்கு 100 லிட்டர் நீருக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ. வீட்டுத் தோட்டம் என்றால் 10 லிட்டருக்கு இரண்டும் 100 கிராம். காப்பி இலைத்துருவுக்குச் செறிவைப் பாதியாக்கி அரை சதவீதமாகத் தெளிப்பது வழக்கம். இந்த அளவெல்லாம் நீலப் படிகத்துக்குச் சொன்னவை. நீரற்ற பொடியை அதே எடைக்குப் போட்டால் தாமிரம் ஒன்றரை மடங்குக்கு மேல் போகும்.

பாதித் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் வாளியில் எடுத்து, படிகத்தைத் துணியில் முடிந்து நீரின் மேல்மட்டத்தில் தொங்கவிடுங்கள். அடியில் கொட்டிவிடுவதைவிட இது வேகமாகக் கரையும். காரணம் 5ஆம் படியில் பார்த்ததுதான். உப்பு கூடிய கரைசல் கீழே இறங்க, புதுத் தண்ணீர் தானாகவே படிகத்தைத் தேடி வரும்.

சுண்ணாம்பை இன்னொரு வாளியில் கொஞ்சம் கொஞ்சமாக நீர்விட்டு நீற்றுங்கள். கொதித்துத் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். நீற்றியதும் மீதிப் பாதித் தண்ணீரையும் சேர்த்துத் துணியில் வடிகட்டுங்கள். மாதக்கணக்கில் காற்றில் கிடந்து உதிர்ந்த சுண்ணாம்பு வேண்டாம். கரியமில வாயுவை உறிஞ்சி அது வலுவிழந்திருக்கும்.

இரண்டும் நன்றாக ஆறிய பிறகு, தாமிரக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெதுவாக ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருங்கள். இல்லையென்றால் இரண்டையும் ஒரே நேரத்தில் மூன்றாவது வாளியில் ஊற்றலாம். சுண்ணாம்பைத் தாமிரக் கரைசலில் ஊற்றாதீர்கள். வரிசை மாறினாலோ சூடாகக் கலந்தாலோ துகள்கள் பருமனாகி அடியில் படியும், தெளிப்பானை அடைக்கும், இலையில் ஒட்டாது. சரியாக வந்த கலவை வான்நீலத்தில், பால்போல மிதந்து நிற்கும்.

தெளிப்பதற்கு முன் ஒரு சோதனை கட்டாயம். பளபளவென்று தீட்டிய இரும்புக் கத்தியைச் சில நிமிடம் முக்கி எடுங்கள். செம்பழுப்புப் பூச்சு தெரிந்தால் வினைபுரியாத தாமிரம் மிச்சமிருக்கிறது, அது இலையைச் சுடும். சுண்ணாம்புப் பாலைக் கொஞ்சம் சேர்த்து, கத்தியைத் துடைத்து மறுபடி பாருங்கள். பூச்சு வருவது நிற்கும்வரை தெளிக்க வேண்டாம். இரும்பு வாளி கூடாது என்று முதலில் சொன்ன அதே வினைதான் இங்கே நமக்கு உதவுகிறது.

கலந்த அன்றே தெளித்து முடியுங்கள், நாளானால் துகள்கள் பெரிதாகிப் பயன் குறையும். மழைத்தூறலிலும் இலை உலராத ஈர நாளிலும் தெளித்தால் பூஞ்சையைவிடச் செடிக்குத்தான் பாதிப்பு. வேலை முடிந்ததும் தெளிப்பானை மூன்று நான்கு முறை அலசுங்கள்.

8. சேமிப்பதும் மிச்சத்தை அகற்றுவதும்

படிகத்தை இறுக மூடும் பிளாஸ்டிக் அல்லது கண்ணாடி பாட்டிலில் வையுங்கள். தகர மூடி துருப்பிடித்து உப்பையும் கெடுக்கும். லேபிளில் பெயரோடு நீரேறியதா நீரற்றதா என்பதும் வாங்கிய மாதமும் இருக்கட்டும்.

மிச்சக் கரைசலைச் சாக்கடையிலோ குளத்திலோ கொட்டாதீர்கள். மிகக் குறைந்த செறிவிலேயே தாமிரம் மீன்களைக் கொல்லும். முதல் வழி திரும்பப் பயன்படுத்துவது. அகலத் தட்டில் ஆவியாக விட்டால் படிகம் திரும்பக் கிடைக்கும், அடுத்த முறைக்கு எடுத்து வைக்கலாம்.

அழுக்கான கரைசல் என்றால் சலவை சோடாக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். நுரை வரும், அதனால் பெரிய பாத்திரத்தில் செய்யுங்கள். தாமிரம் வெளிர்நீலப் பச்சைப் படிவாக இறங்கும். மேலே நிற்கும் நீர் நிறமற்றுப் போகும்வரை சேர்த்து, ஒரு இரவு தெளியவிட்டு, படிவைத் துணியில் வடித்து உலர்த்துங்கள். அந்தப் பொடியைக் குப்பையில் போடாமல் மூடிய டப்பாவில் சேர்த்து வைத்து, பள்ளி அல்லது கல்லூரி லேபின் வேதிக்கழிவோடு ஒப்படைத்துவிடுங்கள். வடித்த துணியும் அந்த டப்பாவுக்குள்ளேயே போகட்டும்.